படத்துக்கு எத்தனை மதிப்பெண்?

திரைப்படம் முடிந்து அரங்கை விட்டு வெளியே வருகிறோம். அடுத்த காட்சிக்காகக் காத்திருக்கும் நண்பர் ஒருவர், "படம் எப்படி?" என்று கேட்கிறார். "பரவாயில்லை", "ஒரு முறை பார்க்கலாம்" என்று ஏதோ ஒன்றைச் சொல்கிறோம். அவர் அதில் நிறைவடைவதில்லை. "சரி, பத்துக்கு எத்தனை?" என்கிறார். நாமும் சற்றும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம்.

இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆனந்த விகடன் வார இதழ் பல்லாண்டுகள் தமிழ்ப் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கி வந்தது. 1977 இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்துக்கு அது வழங்கிய 62½ மதிப்பெண்ணை இன்றும் நினைவு கூர்வோர் உண்டு. இன்றோ கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாரும் மதிப்பெண் போடும் ஆசிரியர்களாகிவிட்டனர். ஒரு படம் வெளியான அன்று மாலைக்குள் அதைப் பற்றிய எண்கள் குவிந்துவிடுகின்றன.

எண்ணைக் கண்டால் இயற்பியல் கற்பிப்பவனுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. இந்த எண் எதை அளக்கிறது? சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கேள்வியை என்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

ஒரு விடைத்தாள்

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்புத் தேர்வு வைத்தேன். அதில் ஒரு வினா: "புவியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்கு வெளியே, நிலையத்தோடு இணைத்த கயிற்றைப் பிடித்தபடி, நிலையத்தைப் பொறுத்து அசைவற்று இருக்கிறார் ஒரு வீரர். அவர் கயிற்றை விட்டுவிட்டால் என்ன நிகழும்? காரணம் கூறுக." இதற்கு 5 மதிப்பெண்.

ஒரு மாணவர் இவ்வாறு எழுதியிருந்தார்: "கயிறு இதுவரை அவரது எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. விட்டவுடன் தாங்கும் விசை இல்லாமற் போவதால் அவர் நிலையத்திலிருந்து விலகிப் போய்விடுவார்." விசைகளைக் குறித்து அழகான வரைபடமும் வரைந்திருந்தார். படத்துக்காக 1 மதிப்பெண் கொடுத்து, விடையை அடித்துவிட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் என்னிடம் வந்தார். "நான் கண்ணாலேயே பார்த்தேன், சார்" என்றார். எங்கே என்று கேட்டேன். 'கிராவிட்டி' என்ற ஆங்கிலப் படத்தில் என்றார். படத்தின் பெயரே ஈர்ப்பு விசை என்னும்போது அது தவறாகக் காட்டுமா என்பது அவருடைய ஐயம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடையின்மையை நான் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கினேன். அந்தப் படம் அதை இருளில், பெருந்திரையில், நெஞ்சு படபடக்கக் காட்டியது. எது மனத்தில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே எங்கள் துறையின் அறிவியல் மன்றத்தில் நான்கு சனிக்கிழமை மாலைகளில் நான்கு படங்களைத் திரையிட்டோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுத்தாளில் பத்துக்கு இத்தனை என்று எழுதித் தருவது. பிறகு அதைப் பற்றிப் பேசுவது. இதுதான் ஏற்பாடு.

அலகு இல்லாத எண்

முதல் மாலையிலேயே ஓர் உண்மை புலப்பட்டது. 'கிராவிட்டி' படத்துக்கு ஒரு மாணவர் 9 கொடுத்தார். அவருக்கு அடுத்த இருக்கையில் இருந்தவர் 4 கொடுத்தார். முதலாமவரைக் காரணம் கேட்டேன். "மூச்சு விடவே மறந்துவிட்டேன், சார்" என்றார். இரண்டாமவர், "அந்தத் தொலைநோக்கியிலிருந்து நிலையத்துக்கு அப்படிப் போகவே முடியாது, சார்" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் இருவரும் அளந்தது ஒரே பொருளை அன்று. ஒருவர் வெப்பநிலையைச் சொன்னார். மற்றவர் நீளத்தைச் சொன்னார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6½ வரும். அந்த 6½ அவ்விருவரில் எவருடைய கருத்தும் ஆகாது. சராசரி என்று நாம் நம்பிப் பார்க்கும் எண்களுள் பல இத்தகையவை.

ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அதன் மீச்சிற்றளவைக் காண்கிறோம்; பிறகு சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறோம். படத்துக்கு மதிப்பெண் போடும் மனிதருக்கும் இவ்விரண்டும் உண்டு. சிலருக்கு எந்தப் படமும் 6 க்குக் கீழே போகாது. அவருடைய 6 உண்மையில் சுழி. வேறு சிலர் 7 ஐத் தாண்டமாட்டார். அவருடைய 7 முழு மதிப்பெண். ஒருவரது சுழிப்பிழை தெரியாமல் அவரது அளவீட்டைப் பயன்படுத்த இயலாது. நெடுநாள் பழகிய நண்பரின் கருத்து முன்பின் அறியாத ஆயிரம் பேரின் சராசரியைவிட நமக்குப் பயன்படுவது இதனால்தான். அவருடைய சுழிப்பிழை நமக்குத் தெரியும். மனத்துக்குள் திருத்தம் செய்துகொள்கிறோம்.

மீச்சிற்றளவைப் பாருங்கள். 62 க்கும் 62½ க்கும் உள்ள வேறுபாட்டை உணரக்கூடிய கருவி எது? விகடன் தந்த அந்த அரை மதிப்பெண்ணில் ஒரு பாராட்டு இருந்தது. வாசகர்களும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டனர். அதுவரையில் சரி. அதையே நுட்பமான அளவீடு என்று எண்ணிக்கொண்டால்தான் தவறு.

மூன்றாவதாக, அளவுகோல் மாறாதிருக்க வேண்டும். 'கிராவிட்டி'க்கு முதலில் 8 கொடுத்த ஒரு மாணவரை மூன்று வாரம் கழித்து மீண்டும் மதிப்பெண் போடச் சொன்னேன். 6 போட்டார். படம் மாறவில்லை. இடையில் வேறிரண்டு படங்களை அவர் பார்த்திருந்தார். வெயிலில் நீளும் இரும்பு அளவுகோல்போல அவருடைய அளவுகோல் நீண்டுவிட்டது.

அப்படியானால் மதிப்பெண் போடுவதையே விட்டுவிடலாமா? வேண்டாம். வெப்பமானி வருமுன்னரும் மக்கள் சூடு, குளிர் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தனர். வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்தறிந்த பின்னர்தான் அளவீடு பொருளுடையதாயிற்று. நாமும் முதலில் பிரிக்க வேண்டும். அதற்கு நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

கிராவிட்டி (2013)

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய இப்படம் இயக்குநர் விருது உள்பட 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஹபிள் தொலைநோக்கியைச் செப்பனிடும் வீரர்களை உடைந்த செயற்கைக்கோள்களின் சிதறல்கள் தாக்குகின்றன. உயிர் தப்பிய பெண் எப்படிப் புவிக்குத் திரும்புகிறார் என்பதே கதை.

இதன் நிறைகளை முதலில் சொல்ல வேண்டும். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதை இப்படம் மதிக்கிறது. விண்கலம் நொறுங்கும்போது வெடியோசை கேட்பதில்லை. வீரரின் கை தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் அதிர்வு மட்டுமே மங்கலாகக் கேட்கிறது. தீயணைப்புக் குப்பியைப் பீச்சி எதிர்த்திசையில் நகரும் காட்சி நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு. சுழலத் தொடங்கிய வீரர் பற்றிக்கொள்ள ஏதுமின்றிச் சுழன்றுகொண்டே போகும் காட்சியைவிடக் கோண உந்த அழிவின்மையைத் தெளிவாக விளக்க என்னால் இயலாது.

இனி குறைகள். 4 மதிப்பெண் கொடுத்த மாணவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். படம் வந்த காலத்தில் ஹபிள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்திலும், பன்னாட்டு விண்வெளி நிலையம் சற்றொப்ப 400 கி.மீ. உயரத்திலும் சுற்றிவந்தன. உயர வேறுபாட்டைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. ஹபிளின் சுற்றுப்பாதைத் தளம் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு 28.5° சாய்வு, நிலையத்தின் சாய்வு 51.6°. குறைந்தது 23.1° அளவுக்குத் தளத்தைத் திருப்பவேண்டும். சுற்றும் வேகம் விநாடிக்கு 7.6 கி.மீ. என்று கொண்டால், தேவையான வேக மாற்றம் 2 × 7.6 × சைன் 11.55°. விடை விநாடிக்கு ஏறத்தாழ 3 கி.மீ. 1984 இல் அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய முதுகு இயந்திரத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் அளவுக்கே வேகத்தை மாற்ற முடியும். நூறு மடங்குக்கும் மேல் பற்றாக்குறை! சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குக் கட்டுமரத்தில் அரை மணியில் போய்ச் சேர்ந்தார் என்பது போன்றது இது.

ஆனாலும் இக்குறை என்னை அவ்வளவாக வருத்தவில்லை. கதை நடப்பதற்காக இரண்டு ஊர்களை அருகருகே வைத்துக்கொண்டார்கள். பார்ப்பவர் மனத்தில் இயற்கையைப் பற்றிய தவறான விதி எதுவும் இதனால் பதிவதில்லை.

கயிற்றுக் காட்சி அத்தகையதன்று. நிலையத்தின் கயிறுகளில் பெண் வீரரின் கால் சிக்கியிருக்கிறது. அவர் கையில் பிடித்துள்ள வாரின் மறுமுனையில் ஆண் வீரர். இருவரும் நின்றுவிட்டனர். அதன் பின்னும் ஏதோ ஒன்று அவரை இடைவிடாது வெளியே இழுப்பதாகவும், அவர் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டு பெண்ணைக் காப்பாற்றுவதாகவும் காட்டுகிறார்கள். எது இழுக்கிறது?

400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி². தரையில் உள்ளதில் ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கு. ஆனால் நிலையமும் வீரர் இருவரும் ஒரே முடுக்கத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு கற்களை ஒரு நூலின் இரு முனைகளில் கட்டி, மாடியிலிருந்து ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். நூல் தொய்ந்தே இருக்கும். விண்ணிலும் அப்படித்தான். 20 மீட்டர் இடைவெளியால் ஈர்ப்பில் ஏற்படும் சிறு வேறுபாட்டைக் கணக்கிட்டால், உடையோடு 150 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மீது அதிக அளவாக 0.01 நியூட்டன் வரும். அதாவது ஒரு கிராம் பொருளின் எடை! அந்த வாரை மெல்லச் சுண்டினாலே போதும், அவர் பெண்ணை நோக்கி மிதந்து வந்திருப்பார்.

இருவரும் சுழன்றுகொண்டிருந்தால் வாரில் இழுவிசை இருக்கும் என்று படத்துக்காக வாதாடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் உணரும்படி அச்சுழற்சி காட்டப்படவில்லை. அவர் மனத்தில் பதிவது, மலையுச்சியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் மனிதனின் படமே. எங்கள் மாணவர் தம் விடைத்தாளில் வரைந்ததும் அதைத்தான்.

கண்ணீர்த்துளிகள் கண்ணைவிட்டுப் பிரிந்து மிதக்கும் காட்சியும் இவ்வாறே. எடையின்மையில் நீர் பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே திரண்டு ஒட்டிக்கொள்ளும். கனடா நாட்டு வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்டு 2013 இல் நிலையத்திலிருந்தபடியே இதைச் செய்து காட்டினார்.

தி மார்ஷியன் (2015)

ஆண்டி வெயர் எழுதிய புதினத்தை ரிட்லி ஸ்காட் படமாக்கினார். செவ்வாயில் தனியே விடப்பட்ட ஒருவர் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கிறார். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைச் சிதைத்து ஹைட்ரஜன் பெற்று, அதை எரித்துத் தண்ணீர் உண்டாக்குகிறார். ஓர் இடர் வந்தால் எண்களை எழுதிக் கணக்குப் போட்டு வழி காண்பதையே கதையாக்கிய படம் இது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

ஆனால் கதை தொடங்குவதே ஒரு பிழையில். கடும் புயல் விண்கலத்தைச் சாய்க்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. புதினத்தில் அப்புயலின் வேகம் மணிக்கு 175 கி.மீ. செவ்வாயில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 0.02 கிலோகிராம், இங்கே தரைமட்டத்தில் 1.2. அறுபதில் ஒரு பங்கு. காற்று தள்ளும் விசை அடர்த்திக்கும் வேகத்தின் இருமடிக்கும் நேர்த்தகவில் இருக்கும். ஆகவே அங்கே 175 கி.மீ. வேகக் காற்று, இங்கே 175 ஐ 60 இன் இருமடி மூலத்தால் வகுத்து வரும் 23 கி.மீ. வேகக் காற்றுக்குச் சமம். கொடியில் காயும் வேட்டியை அது ஆட்டும், விண்கலத்தை ஆட்டாது. ஆசிரியர் வெயரே இதை அறிந்தே எழுதியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இயற்கையே தன் நாயகனை முதல் அடி அடிக்க வேண்டும் என்று விரும்பினாராம். மேலும், செவ்வாயின் ஈர்ப்பு புவியினதில் 38 விழுக்காடே. படத்திலோ எல்லாரும் நம் தெருவில் நடப்பதுபோலவே நடக்கிறார்கள்.

2008 இல் பீனிக்ஸ் ஆய்வுக்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டு உப்பு இருப்பதைக் கண்டறிந்தது. அம்மண்ணைக் கழுவாமல் பயிரிட்டால் கிழங்கு உண்ணத் தகாது. இதை எடுத்துக்காட்டியவர் வேதியியல் துறையிலிருந்து படம் பார்க்க வந்த ஒரு மாணவி. படம் அவரை நூலகத்துக்கு அனுப்பியிருந்தது. ஒரு பிழை இப்படியும் பயன்படுவதுண்டு.

இன்று நேற்று நாளை (2015)

ரவிக்குமார் இயக்கிய இத்தமிழ்ப் படத்தில், 2065 ஆம் ஆண்டு விஞ்ஞானி அனுப்பிய கால இயந்திரம் 2015 இல் இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. தொலைந்த பொருள்கள் எங்கே என்று சொல்லும் சோதிடத் தொழிலுக்கு அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். இடையில் அவர்கள் செய்யும் ஒரு சிறு குறுக்கீட்டால், சாக வேண்டிய ஒரு ரவுடி பிழைத்துவிடுகிறான். பிறகு வரும் துன்பங்கள் எல்லாம் அதிலிருந்து விளைபவை.

இறந்த காலத்துக்குப் போகும் இயந்திரம் எதையும் எவரும் செய்ததில்லை. அப்படியிருக்க இப்படத்துக்குச் சுழி கொடுத்தால் அது நேர்மையாகுமா? "இப்படி ஓர் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்" என்று படம் தொடக்கத்திலேயே நம்மிடம் வெளிப்படையாகக் கேட்கிறது. வடிவியலில் 'எனக் கொள்க' என்று தொடங்குவது போன்றது இது. கொண்ட பிறகு, காரணத்துக்குப் பின் காரியம் என்ற ஒழுங்கைப் பெரிதும் காக்கிறது. சிரிக்க வைத்துக்கொண்டே இதைச் செய்கிறது. வெளிப்படையாகக் கேட்ட பொய்யைப் பிழை என்று கூறலாகாது.

இன்டர்ஸ்டெல்லார் (2014)

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய இப்படத்தில் அறிவியல் அறிவுரையாளராக இருந்தவர் கிப் தார்ன். ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்த பணிக்காக 2017 இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவர் ஒருவர். பத்துக் கோடிச் சூரியன்களின் நிறையுள்ள ஒரு கருந்துளை இப்படத்தில் வருகிறது. அதை ஒட்டிச் சுற்றும் ஒரு கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் புவியில் 7 ஆண்டுகள் கழிந்துவிடும். மாணவர்கள் இதைக் கட்டுக்கதை என்றே எண்ணினர். அதன்று. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை. நம் கைப்பேசிக்கு இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் உயரத்தின் விளைவும் வேகத்தின் விளைவும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பல கி.மீ. பிழை சேர்ந்துவிடும்.

ஆனால் 7 ஆண்டுகள் என்றால் 61 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு பெரிய விகிதம் கிடைக்க, அக்கருந்துளை தன் உச்சச் சுழற்சிக்குக் கோடி கோடியில் ஒரு பங்கு மட்டுமே குறைவாகச் சுழலவேண்டும் என்று தார்னே தம் நூலில் கணக்கிட்டுக் காட்டியுள்ளார். கொள்கைக்கு உட்பட்டது; நிகழ்வது அரிது.

கருந்துளையின் உருவத்தைச் சமன்பாடுகளைக் கொண்டு கணிப்பொறியில் வரைந்தனர். அப்பணி 2015 இல் ஆய்வு ஏட்டிலும் வெளியாயிற்று. 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 அண்டத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் உண்மையான படத்தை உலகம் கண்டது. அதில் ஒளிவளையத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடப் பொலிவாக இருந்தது. நம்மை நோக்கி விரையும் பொருளின் ஒளி மிகுந்து தெரிவதால் அப்படி இருக்க வேண்டும். திரைப்படக் குழுவும் இதை அறிந்திருந்தது. பார்ப்பவர் குழம்புவர் என்று கருதி அவ்விளைவை நீக்கிவிட்டனர்.

படம் தன் விதியைத் தானே மீறும் இடமும் உண்டு. புவியிலிருந்து கிளம்ப அந்தச் சிறு விண்கலத்துக்குப் பல அடுக்கு ராக்கெட் தேவைப்படுகிறது. புவியைப்போல 1.3 மடங்கு ஈர்ப்புள்ள கோளிலிருந்தோ அது தானாகவே எழும்பிவிடுகிறது.

இவற்றையெல்லாம் சொல்லி, என் மதிப்பெண்ணாக 6 என்று கரும்பலகையில் முதலிலேயே எழுதினேன். துண்டுத்தாள்களைத் திரட்டியபோது ஒன்றில் 10 என்று எழுதி அடித்து, பக்கத்தில் 7 என்று எழுதப்பட்டிருந்தது. அன்று மாலை ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தார். "அது என் தாள்தான், சார். வேதியியல் சேர இருந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் இயற்பியல் எடுத்தேன். நீங்கள் 6 என்று எழுதிய பிறகு 10 என்று கொடுக்க வெட்கமாக இருந்தது" என்றார்.

நான் தலை குனிந்தேன். மின்தடை குறைந்த வோல்ட்மீட்டரைச் சுற்றில் இணைத்தால், அளக்க வந்த கருவியே அளவை மாற்றிவிடும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருபவன் நான். அன்று கரும்பலகையருகே அந்த வோல்ட்மீட்டராக நின்றேன். ஒரு படம் ஒரு மாணவரைத் தவறான விடை எழுத வைத்தது. இன்னொரு படம் ஒரு மாணவியை இயற்பியலுக்கு அழைத்து வந்தது. இவ்விரண்டையும் எந்த ஒற்றை எண்ணில் அடக்குவது?

மூன்று எண்கள்

அடுத்த வாரம் துண்டுத்தாளில் மூன்று கட்டங்கள் போட்டோம். முதற்கட்டம் கலைக்கு: படம் நம்மை ஆட்கொண்டதா? இரண்டாம் கட்டம் ஒழுங்குக்கு: தான் வகுத்துக்கொண்ட விதியைப் படம் காத்ததா? இவ்விரண்டும் பத்துக்கு. மூன்றாம் கட்டம் விளைவுக்கு: படம் பார்த்த பின் இயற்கையைப் பற்றி ஏதேனும் தெளிந்ததா, குழம்பியதா? இதற்குக் குறியும் உண்டு. தெளிவுக்கு நேர்க்குறி, குழப்பத்துக்கு எதிர்க்குறி; ஒவ்வொன்றும் ஐந்துக்கு. நேரையும் எதிரையும் கூட்டித் தீர்த்துவிடலாகாது. ஓர் உடலில் ஒரு கை சூடு, ஒரு கை குளிர். சராசரியில் நலம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

என் கணக்கு இதோ:

கிராவிட்டி: கலை 9, ஒழுங்கு 5, விளைவு +4, −4.

தி மார்ஷியன்: கலை 7, ஒழுங்கு 8, விளைவு +4, −2.

இன்று நேற்று நாளை: கலை 8, ஒழுங்கு 8, விளைவு 0. எதையும் கற்பிக்க வரவில்லை. எதையும் கெடுக்கவும் இல்லை.

இன்டர்ஸ்டெல்லார்: கலை 8, ஒழுங்கு 6, விளைவு +5, −1.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். வேறாக இருந்தால் நல்லது. பேசுவதற்குப் பொருள் கிடைக்கும். எந்தக் கட்டத்தில் வேறுபடுகிறோம் என்று இப்போது இருவருக்கும் தெரியும். 9 க்கும் 4 க்கும் நடந்த சண்டை அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் நடக்கவில்லை. அவ்விருவரும் கலைக்கு 9 கொடுத்தனர்; ஒழுங்குக்கு 4 கொடுத்தனர். முதலிலிருந்தே அவர்கள் ஒத்த கருத்தினராகத்தான் இருந்தார்கள்!

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு படத்தைப் பற்றி எவரேனும் உங்களிடம் எண்ணைக் கேட்டால், "எதற்கு?" என்று ஒரு முறை திருப்பிக் கேளுங்கள். உங்கள் எண்ணைப் பிறர் எண்ணைப் பார்க்குமுன் எழுதுங்கள். எழுதிய பின் அடிக்காதீர்கள். காரணம் கிடைத்தால் புதிய எண்ணை அதனருகே எழுதுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டுக்கு நாம் சொல்லும் விதியும் இதுவே.

கயிற்று வினாவுக்கு விடை எழுதிய மாணவருக்கு அந்த 4 மதிப்பெண்ணை நான் திருப்பித் தரவில்லை. விடை தவறுதான். ஆனால் சென்ற வாரம் மாடிப்படியின் உச்சியில் அவரைக் கண்டேன். இரண்டு கற்களை நூலால் கட்டிக் கையில் வைத்திருந்தார். கீழே அவருடைய நண்பர் கைப்பேசியில் அதைப் படம்பிடிக்க ஆயத்தமாக நின்றார். நானும் ஓரமாக நின்று பார்த்தேன். கற்கள் விழுந்தன, நூல் தொய்ந்தே இருந்தது.